ஓட்டாஞ்சில்லுப் போணி

...சரி என்று சொல்லிவிட்டேன், சொன்ன பிறகு என்ன, நாக்கு என்னுடையதுதானே, யாரும் பிடித்து இழுக்கவில்லை, மூர்த்தினா அக்கா கேட்டார், நான் சரி அக்கா என்றேன், அவ்வளவுதான், இப்போது ஈரச் சேலையோடு இந்தப் பக்கத்து அறையில் நின்றுகொண்டு எதற்கு மறுகுவது... நாளைக்கு என் பெண் வுலனுக்குக் கல்யாணம், இன்றைக்குக் குளிப்பாட்டு, அது முடிந்ததும் பெண்ணைப் பெற்றவள் முற்றத்தில் தாவெத் என்கிற இனிப்புப் பானகப் பானையோடு உட்கார்ந்து விற்க வேண்டும், பெற்றவன் அவள் தலைக்கு மேல் குடை பிடித்து நிற்க வேண்டும், வந்தவர்கள் ஓட்டாஞ்சில்லைக் காசாகக் கொடுத்து வாங்கிக் குடிக்க வேண்டும், ஜாவாவில் எந்தக் கல்யாண வீட்டிலும் இதுதான் வழக்கம், அரண்மனையானாலும் சரி, கீற்றுக் கொட்டகையானாலும் சரி. இந்த அரண்மனையின் மற்ற ராஜகுமாரிகளுக்கு இது ஒரு விளையாட்டு, அகப்பையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்து, பாதியைத் தரையில் ஊற்றி, எல்லோரும் சிரித்து, போட்டோ எடுத்து... எனக்கு அது விளையாட்டா? என் அம்மா சந்தையில் தாவெத் விற்றவள், நானும் கல்யாணம் ஆகிற வரைக்கும் விற்றவள், அதுதான் அக்காவுக்குத் தொண்டையில் மாட்டிய முள். நேற்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இங்க பாரு, தப்பா எடுத்துக்காத, மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க எல்லாம் வந்து நிப்பாங்க, மத்தவங்க உக்காந்தா அது சடங்கு, நீ உக்காந்தா பழைய தொழில்னு வாய் மேல கை வச்சு சிரிப்பாங்க, வுலனுக்குத்தானே தலைகுனிவு? நானும் எங்க வீட்டுக்காரரும் உக்காந்துடறோம், நீ பக்கத்துல சிரிச்ச முகமா நில்லு, போதும்" என்றார். வுலனுக்குத் தலைகுனிவு என்றதும்தான் சரி அக்கா என்றேன்.

அக்கா கெட்டவர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். என் கணவரின் மூத்த அக்கா, இந்த வீட்டில் எந்தச் சடங்குக்கு எந்தப் பூ என்பதெல்லாம் அவர் தலையில்தான் இருக்கிறது. வுலன் பிறந்த அன்று இரவெல்லாம் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "கத்தாத, அரண்மனைப் பொம்பளைங்க கத்த மாட்டாங்க" என்று என் காதில் சொல்லிச் சொல்லி, நான் கத்தாமல் இருந்தேனோ இல்லையோ, அவர் கை மணிக்கட்டில் என் நகத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது, அதை வளையலால் மறைத்துக்கொள்வாரே தவிர ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான் நன்றி மறந்தவள் இல்லை. அதனால்தான் சரி என்றேனோ, இல்லை, பயந்துதான் சரி என்றேனோ... என் கையில் இன்னும் மல்லிகை வாசம், ஏழு ஊற்றுத் தண்ணீரில் பூவைப் போட்டு என் பெண்ணின் தலையில் ஊற்றினேன் இப்போதுதான், முதலில் அவள் அப்பா, அடுத்தது நான். வுலன் கண்ணை மூடிக்கொண்டு, தோளெல்லாம் மல்லிகைச் சரம், உதட்டை அசைக்காமல், "இபு, உங்க கை ஏன் நடுங்குது?" என்றாள். தண்ணி சில்லுனு இருக்குடி என்றேன். "பொய்" என்றாள், கண்ணைத் திறக்காமலேயே. போன வாரம் போனில் மாப்பிள்ளையிடம், எங்க இபு கையால தாவெத் குடிச்சுப் பாருங்க, அப்புறம் என்னைய மறந்துடுவீங்க என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள், நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன், வயிறு குளிர்ந்தது. அவளுக்கு இன்னும் தெரியாது, இவருக்கும் தெரியாது. குளிப்பாட்டு முடிந்து அவளை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள், தலைக்குச் சாம்பிராணி காட்டுவதற்கு, ஜன்னல் வழியாகப் பார்ப்பாள், பானைக்குப் பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்... நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்லிவிடலாம், மூட்டு வலி என்று சொல்லிவிடலாம்.

மூட்டு வலியாம்! என் அம்மா காதில் இது விழுந்திருந்தால் அகப்பையாலேயே ஒன்று போட்டிருப்பாள். சந்தை முகப்பில், வளையல்காரிக்கும் வெற்றிலைக்காரிக்கும் நடுவில் அவள் இடம், இரண்டு பானை, ஒன்றில் பச்சை இழைகள், ஒன்றில் தேங்காய்ப்பால், பக்கத்தில் கூஜாவில் வெல்லப் பாகு, பலாச்சுளை கிடைக்கிற காலத்தில் பலாச்சுளை. வெயில் நேராகத் தலையில் இறங்கும், மூங்கில் தொப்பி ஒன்றுதான், அதையும் பாதி நேரம் பானை மேல் கவிழ்த்துவிடுவாள், பால் திரிந்துவிடுமாம், தலை திரிந்தால் பரவாயில்லையா சிம்போக் என்று கேட்பேன். சந்தைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அம்மா சிம்போக்தான், இபு என்பதெல்லாம் இந்தப் பக்கத்துச் சொல். அங்கேதான் இவர் வருவார், காலேஜ் முடிந்து சைக்கிளில், ஒரு கிண்ணம் குடிப்பார், நிற்பார், இன்னொரு கிண்ணம் குடிப்பார், அப்போதும் நிற்பார். அரண்மனைப் பிள்ளை என்று எங்களுக்கு யாருக்கும் தெரியாது, வேட்டியைப் போல வெளுத்த அந்தச் சட்டையும், செருப்பில் ஊக்கும்... ஒரு நாள் அம்மாவிடம், "இந்த வெயில்ல ஒரு குடை வச்சுக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் வெற்றிலைக்காரி திரும்பிப் பார்த்தாள். "குடை எல்லாம் ராஜாவுக்குத் தம்பி, குடையில பொன்னு விளிம்பு எவ்வளவு அகலமோ ஆளு அவ்வளவு பெரிசு, எனக்கு எந்த விளிம்பு? நீ குடிக்க வந்தியா, என் பொண்ணு முகத்தைப் பாக்க வந்தியா, அதை முதல்ல சொல்லு." அவர் காது இரண்டும் சிவந்துபோய், குடிக்கத்தான் என்று மூன்றாவது கிண்ணம் வாங்கினார். அன்றைக்கு ராத்திரி அவருக்கு வயிறு கெட்டுப்போனது என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னார். கல்யாணம் அவர் வீட்டுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்து, சண்டை போட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க யாரும் அவரோடு பேசாமல் இருந்து, கடைசியில் அவர் ஒருவராகவே எங்கள் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து பெண் கேட்டார். அம்மா ஒரு கிண்ணம் தாவெத் ஊற்றி வைத்தாள், அவர் குடித்து முடித்த பிறகு, "இவளை அங்க யாராவது ஏதாவது சொன்னா நீ எங்க நிப்ப?" என்று கேட்டாள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது, நான் கொல்லைப்புறத்தில் அரிசி மாவு அரைத்துக்கொண்டிருந்தேன், பிறகு கேட்டால் இரண்டு பேரும் சிரித்தே மழுப்பிவிட்டார்கள்.

இங்கே வந்ததும் முதலில் பெயர் போனது. ஐந்து நாள் சந்தை வாரத்தில் வாகெ என்கிற நாளில் பிறந்ததால் நான் வாகிரா, அந்தப் பெயரைப் பல்லக்கில் ஏற்ற முடியாதாம், ராதென் ஆயு ரெத்னாநிங்ரும் என்று பட்டமும் பெயருமாக வைத்தார்கள், கூப்பிட்டால் எனக்கே திரும்பத் தோன்றாது. வேலைக்காரர்கள் தோரோ என்று, எஜமானி என்று, கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். அப்புறம் அந்தக் குந்து நடை, பெரியவர்கள் முன்னால் நிமிர்ந்து நடக்கக் கூடாது, குந்திய மேனிக்கே ஒவ்வொரு காலாக நகர வேண்டும், முதல் நாள் மாமியார் முன்னால் அப்படி நகர்ந்து போய்த் தாம்பூலத் தட்டோடு அப்படியே உருண்டேன். கூடம் மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தபோது மாமியார்தான் முதலில் சிரித்தார், "உருண்டாலும் தட்டை விடல பாரு, சந்தையில வளர்ந்த கை" என்றார், ஏளனம் இல்லை அதில், எனக்குத் தெரியும், மறுநாள் எல்லோரும் தூங்கின பிறகு அவரே தாழ்வாரத்தில் எனக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தார். நல்ல மனுஷி. சமையல்கட்டுத் தூமியும் அப்படித்தான், நான் சாப்பிடாமல் படுத்தால் கதவுக்கு வெளியே சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்துவிடுவாள். இவரைப் பற்றி என்ன சொல்ல, இவர் வயதில் மற்றவர்கள் எல்லாம் இன்னொருத்தியைக் கொண்டுவந்து வைத்தபோது இவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் கண் விழித்ததும் வாய்க்குள்ளேயே நன்றி சொல்வது எனக்குப் பழக்கம், கடவுளுக்கு, மாமியாருக்கு, தூமிக்கு, இவருக்கு, வரிசையாகச் சொல்லி முடித்த பிறகுதான் பல் தேய்ப்பேன், சில நாள் முகத்துக்கு நேராகவே சொல்வேன், எனக்கு அவர் காங்மாஸ், அவருக்கு நான் ஜெங், "உங்களுக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கேன் தெரியுமா காங்மாஸ்" என்பேன், அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டே ம் என்பார். என்னைக் கட்டியதற்காக அவருக்கு என்ன ஆனது என்பதை அவர் சொல்லவே இல்லை, அக்காதான் ஒரு கோபத்தில் சொன்னார், அவர் குடையின் பொன் விளிம்பைக் குறைத்துவிட்டார்களாம், ஊர்வலத்தில் தம்பிமார்களுக்கும் பின்னால்தான் அவருக்கு இடமாம். "என்ன பண்ணிட்ட பாரு என் தம்பிய" என்றார். நான் அழுதேன், அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், "பின்னாடி நடந்தா முன்னாடி போறவங்க எல்லாரையும் பாக்கலாம், வேடிக்கையா இருக்கு" என்றார், நானும் நம்பி, அதற்கும் நன்றி சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன்.

கதவு தட்டுகிறது, தூமி. "தோரோ, பானை வெளிய போயிடுச்சு, இன்னும் சேலை மாத்தலையா? பெரிய தோரோ ஜரிகையெல்லாம் போட்டு ரெடியாகி நிக்கறாங்க." உப்புப் போட்டாயா என்று கேட்டேன், தேங்காய்ப்பாலில் ஒரு சிட்டிகை உப்பு இல்லாவிட்டால் பாகின் இனிப்பு எழும்பாது. "போட்டேன் போட்டேன், விடியக்காலம் நீங்களே வந்து மாவு பிழிஞ்சீங்களே, அதுலயே பாதி உசுரு போச்சு எனக்கு, யாராவது பாத்திருந்தா?" என்று முணுமுணுத்துக்கொண்டே என் இடுப்பில் துணியைச் சுற்றினாள், கொஞ்சம் இறுக்கியே சுற்றினாள், அவளுக்கும் கோபம். "பிழியறது நீங்க, விக்கறது அவங்க, நல்லா இருக்கு நியாயம்" என்றாள். சும்மா இரு தூமி என்றேன். அவள் சும்மா இருக்கவில்லை, ஜன்னல் தட்டியை விலக்கி, "அய்யோ, அங்க பாருங்க" என்றாள்.

முற்றத்தில் வெயில் வெள்ளையாகக் கொட்டுகிறது. நடுவில் பானைகள், பானைக்குப் பின்னால் குள்ள முக்காலி, காலி. மாப்பிள்ளையின் அம்மாவும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பந்தலுக்குள் விசிறியோடு, எங்கள் பக்கத்து ஆட்கள் எதிரில், எல்லோர் கையிலும் ஓட்டாஞ்சில்லு. இவர் நிற்கிறார். அந்தக் காலி முக்காலிக்கு மேல் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, தான் மட்டும் குடைக்கு வெளியே, முழு வெயிலில், யாரோ உட்கார்ந்திருப்பதைப் போல அவ்வளவு கவனமாக, ஒரு பக்கம் வெயில் படாமல் கொஞ்சம் சாய்த்துக்கூடப் பிடித்திருக்கிறார்... யாருக்குப் பிடிக்கிறார் அங்கே, என்ன மனுஷன் இவர்... மூர்த்தினா அக்கா விறுவிறுவென்று அவரிடம் போகிறார், பின்னால் அவர் கணவர் தயங்கித் தயங்கி. அக்காவின் குரல் தாழ்வாகத்தான் இருக்கிறது, ஆனால் முற்றம் அவ்வளவு அமைதி, எனக்கே கேட்கிறது. "தம்பி, குடையை இவர்கிட்ட குடு, ஏற்பாடு மாறிடுச்சு."

"யாரு மாத்தினது?"

"அவளே சரின்னுட்டா. கேட்டுப் பாரு."

"அவ எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லுவா, அக்கா. நான் இங்கயே நிக்கறேன்."

"எவ்வளவு நேரம்டா நிப்ப? சிரிக்கப் போறாங்க எல்லாரும்."

"சிரிக்கட்டும். கல்யாண வீடுதானே."

குடை அசையவில்லை. நீ எங்கே நிற்பாய் என்று அம்மா அன்றைக்குக் கேட்டாளே... தூமி என் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள், எஜமானியைத் தள்ளலாமா என்றெல்லாம் அவள் யோசிக்கவே இல்லை. வெளியே வந்துவிட்டேன். மூத்தவரைத் தாண்டிப் போகிறேன், குனிந்து போக வேண்டும், குந்திப் போக வேண்டும், எத்தனை வருஷப் பழக்கம், கால் இன்றைக்கு மடங்க மாட்டேன் என்கிறது, இடுப்பில் கூடை வைத்துச் சந்தைக்குள் போகிறவளைப் போல நிமிர்ந்தே நடக்கிறேன், அக்காவைக் கடக்கும்போது மட்டும் தலையைத் தாழ்த்தி, "மன்னிச்சுக்கோங்க அக்கா, நானே உக்காந்துக்கறேன்" என்றேன். முக்காலியில் உட்கார்ந்தேன். நிழல்.

முதலில் வாங்க வேண்டியது வீட்டுக்கு மூத்தவர், மாமியார் போன பிறகு அது மூர்த்தினா அக்காதான், வேறு வழியில்லை, எல்லோரும் பார்க்கிறார்கள். வந்து நின்று ஓட்டாஞ்சில்லை நீட்டினார், கை விறைப்பாக இருந்தது, வாங்கினேன். வாங்கின கை அப்புறம் என்னைக் கேட்கவில்லை. அந்தச் சில்லைப் பானை விளிம்பில் தட்டி, பால் பானையில் தட்டி, பாகுக் கூஜாவில், அகப்பையில், அடுக்கி வைத்த கிண்ணம் ஒவ்வொன்றிலும் தட்டி, "லாரிஸ், லாரிஸ், வித்துப் போ, வித்துப் போ" என்று வாய் முணுமுணுக்க, கடைசியில் நெற்றியில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் நினைவு வந்தது. முதல் போணி. அம்மா தினமும் செய்தது, சந்தையில் எல்லாப் பெண்களும் செய்வது. சடங்கில் இது கிடையாது, விளையாட்டில் யார் போணி பார்ப்பார்கள், இது பிழைப்புக்கு விற்கிறவள் மட்டும் செய்கிற வேலை. மாப்பிள்ளை அம்மாவின் விசிறி நின்றுவிட்டது. பழைய தொழில், அக்கா சொன்ன அதே வார்த்தை என் நெற்றியில் மண்ணாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருக்கிறேன், வுலன் பார்த்துக்கொண்டிருப்பாளே, என் செல்லமே, உனக்கு என்ன பண்ணி வைத்துவிட்டேன்... அக்கா என்னைப் பார்த்தார். பிறகு வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, "எனக்கு விக்கறியா, பானைக்கு விக்கறியா? சில்லு குடுத்துட்டு எவ்வளவு நேரம் நிக்கறது? ஊத்து. பாகு தாராளமா ஊத்து" என்று முற்றம் முழுக்கக் கேட்கும்படி அதட்டினார். எங்கேயோ ஒருவர் சிரித்தார், நல்ல சிரிப்பு, பிறகு எல்லோரும். உள்ளே ஜன்னல் பக்கமிருந்து வுலன் சிரிக்கிறாள், கல்யாணப் பெண் இவ்வளவு சத்தமாகச் சிரிக்கலாமா, சிரிக்கட்டும், சிரிக்கட்டும். ஊற்றினேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. அக்கா நின்றபடியே குடித்தார், முகத்தில் சிரிப்பு இல்லை, கிண்ணத்தில் மிச்சமும் இல்லை, கிண்ணத்தை என்னிடம் கொடுத்தபோது அந்த மணிக்கட்டுத் தழும்பு எனக்கு நேராக இருந்தது.

அதற்குப் பிறகு வரிசை. "யூ, எனக்கொண்ணு, பலாச்சுளை நிறைய" என்று மாப்பிள்ளை அம்மாவே சந்தைக்காரியை அழைப்பதைப் போல அழைத்துக்கொண்டு வந்து, வாங்கிக்கொண்டு, "அந்தப் போணி சில்லை எனக்குக் குடுங்களேன், என் மருமக முதல் சமையல் பண்றப்ப அடுப்புல வைக்கிறேன்" என்றார். கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, பாகின் ஆவி என்று நினைத்திருப்பார்கள், பாகு ஆறி வெகுநேரம் ஆயிற்று. எல்லோருக்கும் நன்றி, இந்தப் பானைக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, தள்ளிவிட்ட தூமிக்கு, அதட்டிய அக்காவுக்கு, என்று என் பழைய வரிசை தானாக ஓட ஆரம்பித்தபோது, கையின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. மழையா என்று பார்த்தேன். வியர்வை. இவர் தலைப்பாகையிலிருந்து கழுத்துக்கு இறங்கி, முழங்கைக்கு வந்து, அங்கிருந்து சொட்டுகிறது, குடை பிடித்த கை விடாமல் நடுங்குகிறது, முகம் செம்பாகக் காய்ந்திருக்கிறது, நிழல் முழுவதும் என் மேல். "கை வலிக்குதா?" என்றேன், அகப்பையை விடாமல், மெதுவாக.

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கற" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேலிதான், அவர் குரல் எனக்குத் தெரியாதா. ஆனாலும்... நான் கேட்டதே இல்லையா? நன்றி சொல்லியிருக்கிறேன், தினமும், பல் தேய்ப்பதற்கு முன்னால், முகத்துக்கு நேராக, அழுதுகொண்டு, மன்னிப்பாகக்கூட... வலிக்கிறதா என்று ஒரு நாள்? ஊர்வலத்தில் பின்னால் நடந்துவிட்டு வந்த ராத்திரிகளில்? பேப்பருக்குப் பின்னால் அந்த ம் சொல்லும்போது? நன்றி என்று சொல்லிச் சொல்லி அவர் வாயை நான்தான் அடைத்துவிட்டேனோ, நன்றி சொல்கிறவளிடம் வலிக்கிறது என்று யார் சொல்வார்கள்... ஒரு கிண்ணம் நிரப்பினேன், பாகு தாராளமாக, வரிசையில் நின்றவர் கை நீட்டினார், அவருக்குக் கொடுக்காமல் திரும்பி இவருக்கு நீட்டினேன். குனிந்து பார்த்தார். "கை இல்லையே, ஜெங்" என்றார், இரண்டு கையும் குடைக் காம்பில். வரிசை காத்திருக்கிறது, அக்கா பார்க்கிறார், கிண்ணம் என் கையில் அப்படியே நிற்கிறது, எழுந்து நின்று ஊட்டலாம், எழுந்தால் குடை தலையில் இடிக்கும், குடையை நான் வாங்கிக்கொண்டால்... விற்கிறவள் நடுவில் எழுந்திருக்கக் கூடாது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா, இல்லை, இத்தனை நாளும் நானாகவே அப்படி நினைத்து உட்கார்ந்திருந்தேனா?